உட்காராத நேர்த்தி

கெத்தரின் உட்காருவதை விட்டபோது அதில் பக்தி ஒரு சொட்டும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் மாத்தளை டவுனுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கோவில் மொத்தமும் வேறு மாதிரி நம்பியது. ஃபாதர் நம்பினார். கமிட்டி நம்பியது. முப்பது வருஷமாக அவளோடு குடும்பம் நடத்திய நோபர்ட்டே நம்பினார்.

விஷயம் இவ்வளவுதான். கெத்தரினுக்கு ஐம்பத்தைந்து வயது. மாதவிடாய் நின்று மூன்றாவது வருஷம். நின்றபோது, அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்று பெருமூச்சு விட்டவள்தான். போன தொல்லை போகிற போக்கில் தன் தங்கச்சியை அனுப்பிவைத்தது. வெளியே சொல்ல முடியாத இடத்தில் ஒரு வறட்சி, ஓர் எரிச்சல், பூசை நடுவிலும் பஸ் ஸ்டாண்ட் நடுவிலும் தலைகாட்டும் ஓர் அரிப்பு. தோல் பழைய வொயில் துணி மாதிரி நைந்துபோய், எது பட்டாலும் கீறியது. அவளோ ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற தையல்காரி. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் பின்னேரம் எழும்புகிற தொழில்.

சுத்தம் போதவில்லை என்று அவளாகவே முடிவு கட்டினாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். எரிச்சல் கூடியது. அப்படியானால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று காயம் கழுவுகிற மருந்துத் தண்ணீரால் கழுவினாள். அது இன்னும் கூடியது. கடைசியில் வெட்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு பலீல் நானாவின் ஃபார்மசிக்குப் போனாள். கவுன்டரில் நாலு பேர் நின்றார்கள்.

"என்ன தங்கச்சி வேணும்?"

"அரிப்புக்கு ஒரு மருந்து நானா."

"எந்த எடத்துல?"

"முழங்கையில."

"காட்டுங்க பார்ப்போம்."

முழங்கையைக் காட்டினாள். பலீல் நானா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். அப்படி ஒரு ஆரோக்கியமான முழங்கையை அந்த ஃபார்மசி கண்டதில்லை. படைக்குப் பூசுகிற களிம்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அதைப் பூசி அவள் பட்ட பாடு தனிக்கதை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், அங்கே நம்பர் கொடுக்கிறவன் கோவிலில் பாட்டுப் பாடுகிற பையன். "என்ன வருத்தம் ஆன்ட்டி?" என்று மைக்கில் பாடுகிற அதே குரலில் கேட்பான். டொக்டரும் ஆம்பளை. ஆகவே ஆஸ்பத்திரி இல்லை என்றாயிற்று.

நோபர்ட்டுக்கு ஸ்பைஸ் கார்டனில் வேலை. கறுவாப்பட்டையையும் ஏலக்காயையும் வெள்ளைக்காரர்களுக்கு நாலு பாஷையில் விளக்குவார். மூட்டுக்கு ஒரு தைலம், முடிக்கு ஒரு தைலம், குறட்டைக்கு ஒரு தைலம் என்று உலகத்தில் உள்ள அத்தனை நோய்க்கும் அவரிடம் குப்பி உண்டு. அந்தக் குப்பிகளில் ஒன்றைத்தான் கெத்தரின் ஒரு காலையில், அவர் வேலைக்குக் கிளம்புமுன், எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கிராம்புத் தைலம்.

வீட்டை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றாள். பைப்படியில் தண்ணீர் பேசினுக்குள் இறங்கி, கண்ணில் நீர் கொட்ட உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நோபர்ட் பதறிப்போனார்.

"என்னாச்சு?"

"குளவி கொட்டிருச்சுங்க."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குக் குளவி என்றால் போதும். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டார். பந்தம் கட்டிக்கொண்டு கூரை, மாமரம், பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு என்று அலசி, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஒரு குளவிக் கூட்டைக் கண்டுபிடித்துக் கொளுத்தினார். "இனிப் பயப்படாத" என்று வந்து சொன்னபோது கெத்தரினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் உட்காருவதை விட்டுவிட்டாள். மோட்டர் வைத்த மெஷின்தானே என்று மேசையைச் சீமெந்துக் கல்லில் ஏற்றி நின்றபடியே தைத்தாள். சோற்றுக் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். கோவிலிலும் கடைசித் தூணோரம் நின்றாள்.

அது தவக்காலம். தவக்காலத்தில் ஒருத்தர் இறைச்சியை விடுவார், ஒருத்தர் சீனியை விடுவார், கமிட்டி செக்கரட்டரி ஷியாம் வருஷா வருஷம் சிகரெட்டை விட்டு, தவக்காலம் முடிகிற பாஸ்காவன்று திருப்பிப் பிடிப்பான். கெத்தரின் உட்காருவதை விட்டிருக்கிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நியாயம்தான். ஆனால் பாஸ்கா வந்து போனது, கெத்தரின் இன்னும் நின்றாள். அப்போதுதான் ஊருக்கு உண்மை விளங்கியது. இது தவமில்லை, ஏதோ ஒரு வேண்டுதலுக்கு வைத்த நேர்த்தி.

ஜெராட் ஃபாதர் இளவயது, நல்ல மனுஷன், எதையும் நம்பிவிடுவார். பூசை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன நேர்த்திங்க அம்மா?"

"அது வெளிய சொல்லக் கூடியது இல்ல ஃபாதர்."

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையைச் சொன்னதே இல்லை. ஃபாதருக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "எதுக்குன்னு சொல்லாம, யாருக்குன்னு சொல்லாம, நம்ம நடுவுல ஒரு தாய் நிக்கிறாங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கெத்தரின் அந்த நேரம் பார்த்து வந்த அரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக் கண்ணை மூடினாள். அதைப் பார்த்து ரெண்டு பேர் அழுதார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மரியாயி எழும்பிவந்து அவள் பக்கத்தில் நின்றாள். அறுபத்தாறு வயது, தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள், கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துக் கிடக்கும். அவளே நிற்கிறாள் என்றதும் இன்னும் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். பிறகு கமிட்டி நின்றது. எதுக்காக என்று தெரியாததால் ஆளாளுக்குத் தங்கள் வேண்டுதலை அதில் சேர்த்துவிட்டார்கள். மிளகு விலை ஏறியது, நேர்த்திதான். யாரோ ஒருத்தர் மகனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது, அதுவும் நேர்த்திதான். பெஞ்சுகள் சும்மா கிடந்து தூசி பிடித்தன.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கெத்தரின் செய்த ஒரே தப்பு வீட்டுக்குள் நடந்தது. நோபர்ட் கட்டிலில் கொஞ்சம் நெருங்கிப் படுத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வலியை நினைத்துத்தான். முதலில் தலைவலி என்றாள், பிறகு களைப்பு என்றாள். ஊரே நேர்த்தி என்று சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. "நேர்த்தி இருக்குங்க" என்றாள். நோபர்ட் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். ஒரு நாள் மட்டும், "எம்மேல எதும் கோவமா கெத்தரின்?" என்று கேட்டார். "கோவம் இல்ல, நேர்த்தி" என்றாள். மனுஷன் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு அவர் கேட்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. சாராயத்தையும் விட்டுவிட்டு, கோவிலில் அவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கத் தொடங்கினார். அவள் அதைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஆவணி மடுத் திருநாள் வந்தது. மாத்தளையிலிருந்து மடு மாதா கோவிலுக்கு வருஷா வருஷம் பஸ் பிடித்துப் போவது வழக்கம். இந்த வருஷம் ஷியாமுக்கு ஞானோதயம் பிறந்தது.

"போற வழி முழுக்க ஒருத்தரும் உக்காரக் கூடாது. கெத்தரின் ஆன்ட்டி நேர்த்திய நம்ம எல்லாரும் சேந்து மாதா காலடியில ஒப்புக்குடுக்குறோம்."

கைதட்டினார்கள். பஸ்ஸின் முகப்பில் 'நின்றபடி மடுவுக்கு' என்று பெனரும் கட்டியாயிற்று.

காலையில் பஸ் கிளம்பியபோது டிரைவர் யஹ்யாதான் முதலில் குழம்பினார். அவர் வாழ்நாளெல்லாம் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

"எல்லாரும் இரிங்களேன். சீட்டு சும்மாதானே கெடக்கு?"

"நாங்க நிப்போம் நானா, நீங்க ஓட்டுங்க" என்றான் ஷியாம்.

"எனக்கு இரிக்கலாமா, இல்ல நானும் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு யஹ்யா வண்டியை எடுத்தார்.

நாவுல வளைவுகளில் பஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஐம்பது பேர் ஜெபமாலை சொன்னார்கள். புது மெத்தை போட்ட சீட்டெல்லாம் காலி. மரியாயி கெத்தரினுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்ததைக் கெத்தரின் பார்த்தாள். உதட்டில் ரத்தமே இல்லை.

"மரியாயிக்கா, ஒக்காருங்க. ஒங்களுக்கு எதுக்கு இது?"

"நீ ஒக்காரு புள்ள, அப்பறம் நான் ஒக்காருறேன்."

"ஏதும் ஆயிரப் போகுது."

"ஆனா ஆகட்டும்."

கெத்தரின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தன்னுடைய வெட்கத்துக்காக ஒரு வயசான மனுஷி காலை அழுகவிட்டுக்கொண்டு நிற்கிறாள். மடு இன்னும் எவ்வளவோ தூரம். வழியிலேயே அவள் விழுந்தால்? மாதாவே, யாராவது இந்த பஸ்ஸை நிறுத்தட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது உடனே பலித்தது.

தம்புள்ளையில் மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். வெளியே இருந்து பார்த்தால் ஜன்னலெல்லாம் வயிறும் கையுமாக நெரிசல். நல்ல கேஸ் ஒன்று மாட்டியது என்ற சந்தோஷத்தில் அவர் படியில் ஏறினார். ஏறினவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஒரு சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து பார்த்தார். சீட் நன்றாகத்தான் இருந்தது.

"இந்த சீட்டுக்கு என்ன வருத்தம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஷியாம் நேர்த்தியை விளக்கினான். ஃபாதரும் விளக்கினார். பொலிஸ்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நேர்த்தி நல்லதுதான், ஆனால் தூரப் பயணம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போக விட முடியாது, பிரேக் போட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் மாதாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்றார். எல்லாரும் உட்கார வேண்டும். எல்லாரும் கெத்தரினைப் பார்த்தார்கள்.

"மொதல்ல ஆன்ட்டி ஒக்காரணும்" என்றான் ஷியாம். "அவங்க ஒக்காந்தா நேர்த்தி முடிஞ்சுது."

கெத்தரின் மரியாயியின் காலைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் நின்று வேர்த்த உடம்பு, புது ரெக்சின் சீட். 'ஆ' என்று ஒரு சத்தத்தோடு அவள் எழும்பிய வேகத்தில் மேல் தட்டில் இருந்த சோற்றுப் பார்சல் விழுந்தது.

"மாதா விடல்ல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பாட்டு ஆரம்பமாயிற்று. பொலிஸ்காரர் பயந்துபோய்க் கீழே நின்ற பொம்பளைப் பொலிஸைக் கூப்பிட்டார். அந்தக் களேபரத்தில் மரியாயியின் கை கம்பியிலிருந்து நழுவியது. கெத்தரின் பாய்ந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

அதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பாட்ட நிறுத்துங்க!" என்றாள். பாட்டு நின்றது. "ஆம்பளைங்க எல்லாரும் எறங்குங்க. ஃபாதர், நீங்களும்தான். டிரைவர் நானா, நீங்களும். பொலிஸ் மாத்தயாவும் எறங்கணும்."

அந்தக் குரலுக்கு எல்லாரும் இறங்கினார்கள். பொம்பளைப் பொலிஸ் மட்டும் படியில் நின்றார். பென்ஷனுக்குக் கிட்டிய வயசு. கெத்தரின் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு நேர்த்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கீழ எரியுது. அரிக்குது. தோலு காஞ்சு கீறுது. ஒக்கார முடியல்ல, அதான் நிக்கிறேன். வெக்கத்துல சொல்லல்ல. என்னைய மன்னிச்சு எல்லாரும் ஒக்காருங்க. மரியாயிக்கா, ஒங்க கால கெடுத்தது நான்தான்."

வெளியே முட்டைக்கோவா ஏற்றிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கெத்தரின் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"அடி பாவி" என்றாள் மரியாயி. "நான் மட்டும் எதுக்குடி நிக்கிறேன்னு நெனச்ச?"

கெத்தரினுக்கு விளங்கவில்லை.

"எனக்கும் அதே கதைதான். ரொம்ப வருஷமா. நீ நிக்கவும் எனக்கு மாதாவே வழி காட்டுனமாதிரி இருந்திச்சு. கேள்வி கேக்காம நிக்கலாமே."

"கால் இப்படி வீங்குதே அக்கா!"

"கால்வலி தேவல. கால்வலின்னா ஊரெல்லாம் சொல்லலாம். தேச்சு விட மருமக வருவா. இதுக்கு யாரு வருவா?"

அவ்வளவுதான், கட்டு உடைந்தது. முதலில் எழும்பி நின்ற அந்த ஐந்தாறு பெண்களும் வரிசையாக வாயைத் திறந்தார்கள். ஒருத்தி மஞ்சள் பூசியிருக்கிறாள். ஒருத்தி உப்புத் தண்ணீர். ஒருத்தி சவுக்காரத்தை மாற்றி மாற்றிக் கடையையே காலி செய்திருக்கிறாள். கெத்தரின் கிராம்புத் தைலத்தைச் சொன்னதும் பஸ்ஸே குலுங்கியது. மரியாயி சிரித்த சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. என்ன நடக்கிறது என்று பொம்பளைப் பொலிஸ் சிங்களத்தில் கேட்க, ஒருத்தி சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார இடம் பார்த்து, கடைசியில் உட்காராமலே பேசினார்.

தனக்கும் இருந்தது, ஜீப்பில் ஏறவே பயமாக இருந்தது என்றார். பொம்பளைகளுக்கென்றே இருக்கிற சுவநாரி கிளினிக்கில் ஒரு லேடி டொக்டர் பார்த்தாராம். மாதவிடாய் நின்றபிறகு உடம்பில் ஊறுகிற ஏதோ ஒன்று குறைந்துபோய்த் தோல் மெலிந்து காய்கிறதாம். பாதிப் பெண்களுக்கு இருக்கிறதாம். அந்த இடத்துக்குச் சவுக்காரமும் கூடாது, மருந்துத் தண்ணீரும் கூடாது, வெறும் தண்ணீர் போதும். வாசம் இல்லாத களிம்பு பூசலாம். குறைந்துபோனதை ஈடுகட்டுகிற க்ரீமை டொக்டர் பார்த்துத்தான் கொடுப்பார், ஏனென்றால் இதே மாதிரி வேறு தோல் வருத்தங்களும் உண்டு, பார்க்காமல் விடக் கூடாது. "இப்போ கொஞ்சம் கொஞ்சமா நல்லம்" என்று முடித்தார்.

"கழுவக் கழுவ எரிஞ்சது அதனாலயா?" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி சிரிப்பு. வெளியே ஆண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று ஷியாம் நடு வெயிலில் முழங்காலில் நின்றான்.

சிரித்து ஓய்ந்தபிறகு மரியாயி சீட்டின் ஓரத்தில், ஒருக்களித்தாற்போல் உட்கார்ந்தாள்.

"எம் புருசன் கடைசி நாலு வருஷம் எங்கூடப் பேசவே இல்ல" என்றாள். "கிட்ட வந்தா தள்ளித் தள்ளி விட்டேன். வலிக்குதுன்னு சொல்ல வாய் வரல்ல. சாகப்போற நேரந்தான் வாயத் தொறந்து, என்னைய ஒனக்கு புடிக்கல்லன்னு நேரா சொல்லிட்டுச் செத்துப்போனாரு. இல்லன்னு சொல்லக்கூட எனக்குத் தெரியல்ல பாரு."

கெத்தரின் ஜன்னலால் பார்த்தாள். போஞ்சி மூட்டை ஏற்றுகிற லொறிக்குப் பக்கத்தில் நோபர்ட் தனியாக நின்றார். மற்ற ஆண்கள் எல்லாம் நிழலில் குந்திவிட்டார்கள். அவர் மட்டும் வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்றார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள். மூட்டை தூக்குகிறவர்கள் காதில் விழுந்தால் விழட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். எரிச்சலைச் சொன்னாள், அரிப்பைச் சொன்னாள், குளவி கொட்டவில்லை என்றாள். "ஒங்களத் தள்ளுனது வலிக்குப் பயந்துதாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

நோபர்ட் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அப்ப எம்மேல கோவம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"நான் பண்ணுன பாவத்துக்குத்தான் நீ நிக்கிறேன்னு நெனச்சேன்."

"நீங்க என்ன பாவம் பண்ணுனீங்க?"

"அதான் தெரியல்ல. தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் கெடைக்கல்ல." அவர் பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கெத்தரினுக்குப் பக்கத்தில் உட்கார ஆசைதான், முடியவில்லை. நின்றபடியே அவர் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

ஜெராட் ஃபாதர் பதறி ஓடிவந்தார்.

"என்னாச்சு நோபர்ட் அண்ணே?"

நோபர்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபாதர், நான் பாவசங்கீர்த்தனத்துல ஒங்ககிட்ட சொன்னேனே, அந்தப் பொம்பளைங்க, அந்தக் களவு, அந்தக் குடிச்சிட்டு அடிச்சது... அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கலாமா? அதுல ஒண்ணுகூட நான் செய்யல்ல."